ஏரியைப் பங்கிட்டுக்கொண்ட பறவைகள்

மழைக்காலம் ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாள்களில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஏரிகளில் பலவகைப் பறவைகள் ஒரே நீர்ப்பரப்பில் இரைதேடக் காண்கிறோம். கரையோரத்தில் மடையான் அசையாது நிற்கிறது. சற்று உள்ளே வெண்கொக்குகள் நீரில் நடக்கின்றன. ஆழத்தில் நீர்க்காகம் மூழ்கி எழுகிறது. நீருக்கு மேலே ஆலா வட்டமிடுகிறது. இவற்றுள் பல நெருங்கிய உறவினங்கள். வெண்கொக்கிலே பெரியது, நடுத்தரமானது, சிறியது என மூன்று வகை. தமிழகத்து நீர்க்காகங்களிலும் அவ்வாறே மூன்று வகை. பெரும்பாலும் எல்லாம் மீனை நம்பியே வாழ்வன. எல்லாவற்றுக்கும் ஏரி ஒன்றே. அப்படியிருக்க, வலியது எளியதை விரட்டிவிட்டு ஏரியைத் தனதாக்கிக்கொள்ளாதது ஏன்?

இக்கேள்விக்கு மறையுரை மேடைகளில் அடிக்கடி கேட்கப்படும் விடை ஒன்றுண்டு. பறவைகள் பகிர்ந்துண்டு ஒற்றுமையாக வாழ்கின்றன. மனிதர்தாம் ஒருவரோடொருவர் போரிடுகின்றனர் என்பதே அது. கேட்பதற்கு இனிய விடைதான். ஆனால் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் நோக்கியும், சோதித்தும், தமக்குள் வழக்காடியும் கண்ட விடை இதனினும் கடுமையானது. அவ்வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம். நம் வீட்டருகே உள்ள ஏரிகளை இனி என்ன செய்யப்போகிறோம் என்பதற்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

பெயரிலேயே தொழில்

அறிவியல் நூல்கள் எழுதப்படுமுன்பே நம் உழவரும் மீனவரும் இந்தப் பங்கீட்டின் ஒரு பகுதியைக் கண்டிருந்தனர் என்பதற்குப் பறவைகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களே சான்று. நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்பது. மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அதன் அலகு, நத்தையை ஓட்டிலிருந்து எடுப்பதற்கென்றே அமைந்தது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகைக் கலங்கல் நீரில் இடவலமாக வீசித் துழாவுவது. முக்குளிப்பான் மூழ்கிப் பிடிப்பது. பாம்புத்தாரா உடலை நீருக்குள் மறைத்து, பாம்பு போன்ற கழுத்தை மட்டும் வெளியே நீட்டிச் செல்வது. நீரடியில் மீனை நெருங்கிக் கூரிய அலகால் குத்துவது. உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிகளைத் தேடி மேய்ச்சல் நிலத்தில் திரிவது. மடையானின் பெயரிலேயே மடை இருக்கிறது. வக்கா பகலெல்லாம் மரத்தில் உறங்கி, பிற கொக்குகள் கூடு திரும்பும் அந்தியில் வேட்டைக்குப் புறப்படுவது.

இப்பெயர்களை வரிசையாக எழுதினால் ஓர் ஊரின் தொழிற்பட்டியலைப் படிப்பது போலிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓரிடம், ஒரு நேரம், ஒரு கருவி. ஆனால் இந்த ஒழுங்கு எவ்வாறு ஏற்பட்டது என்பதைப் பெயர்கள் சொல்வதில்லை. அந்தக் கேள்வியைத் தொடுத்தவர்கள் பிற்காலத்தவர்.

ஒரு சிற்றூர்க் குருவானவர்

உறவினப் பறவைகளைக் கூர்ந்து பிரித்தறிந்தவர்களுள் ஒருவர் ஒரு குருவானவர் என்பதில் நமக்கு மகிழ்ச்சி. இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் ஆங்கிலிக்கத் திருச்சபையில் பணியாற்றிய கில்பர்ட் ஒயிட் (1720–1793), தம் ஊரின் செடியிலும் மரத்திலும் கண்டதைக் கடிதங்களாக எழுதிவந்தார். அவை 1789-இல் நூலாக வெளிவந்தன. கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றும் பசுமஞ்சள் நிறச் சிறுகுருவிகள் உண்மையில் மூன்று தனி இனங்கள் என்பதை அவற்றின் குரலைக் கேட்டே அவர் உணர்ந்தார். அவற்றுள் ஒன்று உயர்ந்த மரங்களின் உச்சியையே நாடுகிறது என்பதையும் குறித்தார். உருவில் ஒத்தவை இடத்தால் வேறுபடுகின்றன என்னும் செய்தி, ஓர் ஊரை விட்டு அதிகம் வெளியேறாத ஒருவரின் பொறுமையான பார்வையில் பதிவாகியிருக்கிறது.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1859-இல், சார்லசு டார்வின் தம் பெருநூலை வெளியிட்டார். அதில் அவர் எடுத்துரைத்த கருத்துகளுள் ஒன்று நம் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டது. வாழ்வுக்கான போராட்டம் தொலைவான இனங்களுக்கிடையே இருப்பதைவிட நெருங்கிய இனங்களுக்கிடையேதான் கடுமையாக இருக்கும் என்றார் அவர். காரணம் எளிது. ஒரே உடலமைப்பு, ஒரே பழக்கம், ஒரே தேவை உடையவை ஒரே பொருளுக்காகத்தான் மோதும். கொக்குக்கும் ஆட்டுக்கும் வழக்கில்லை. கொக்குக்கும் கொக்குக்குமே வழக்கு. அப்படியானால் மூன்று வெண்கொக்குகள் ஒரே ஏரியில் நிற்பது முன்னிலும் பெரிய புதிராகிறது.

சுவரில் ஒரு மாடம்

இப்புதிரைப் பற்றிப் பேச ஒரு சொல் தேவைப்பட்டது. அமெரிக்கப் பறவையறிஞர் சோசப் கிரின்னல், கலிபோர்னியாவின் புதர்க்காட்டில் வாழும் ஒரு பறவையைப் பற்றி 1917-இல் எழுதிய கட்டுரையில் அச்சொல்லைக் கையாண்டார். நிச் என்னும் அச்சொல் நம் கோவில்களுக்குப் புதியதன்று. சுரூபம் வைப்பதற்காகச் சுவரில் குடைந்து அமைக்கும் மாடத்துக்கு ஐரோப்பியக் கட்டடக் கலையில் வழங்கும் பெயர் அதுவே. ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு மாடம் இருப்பது போல, ஒவ்வோர் உயிரினத்துக்கும் இயற்கையில் ஓரிடமும் ஒரு பிழைப்பும் உண்டு. ஒரு மாடத்தில் ஒரு சுரூபமே நிற்கும் என்பது இந்த உவமையின் உட்பொருள். ஆதலால் இக்கட்டுரையில் மாடம் என்னும் சொல்லையே நாமும் ஆள்வோம்.

இதைச் சோதனையால் காட்டியவர் மாஸ்கோவில் ஆய்வு செய்த இளைஞர் கவுசே. வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓரணு உயிர்களுள் நெருங்கிய உறவுடைய இரண்டு இனங்களை ஒரே கண்ணாடிக் குழாயில் விட்டு, நாள்தோறும் அளவான உணவே கொடுத்தார். தனித்தனியே வளர்த்தபோது இரண்டும் செழித்தன. சேர்த்து வளர்த்தபோது ஒன்று பெருகியது; மற்றது சில நாள்களில் குறைந்து அற்றுப்போனது. இனம் மாற்றி மீண்டும் சோதித்தார். இம்முறை ஒன்று நீரின் மேற்பகுதியில் மிதந்த நுண்ணுயிர்களை உண்டது. மற்றது அடியில் தங்கிய நொதியை உண்டது. இரண்டும் பிழைத்தன. இச்சோதனைகளின் முடிவை ஒரே வரியில் சொல்லலாம். ஒரே மாடத்தில் இரண்டு இனம் நிலைக்காது. நிலைக்க வேண்டுமாயின் மாடம் இரண்டாக வேண்டும்.

கார்ன்வால் கடற்கரையின் இரு நீர்க்காகங்கள்

கண்ணாடிக் குழாய் வேறு, கடல் வேறு. கவுசே கண்டது கடற்பறவைகளுக்கும் பொருந்துமா என்று பார்த்தவர் இங்கிலாந்தின் டேவிட் லாக் (1910–1973). அவர் எடுத்துக்கொண்ட பறவைகளுள் ஒன்று நமக்கும் உரியது. இங்கிலாந்தின் பாறைக் கரைகளில் கூடு கட்டும் பெரிய நீர்க்காகமும் தமிழகத்து நீர்த்தேக்கங்களில் காணும் பெரிய நீர்க்காகமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

அந்நாட்டுக் கரைகளில் பெரிய நீர்க்காகத்தோடு ஷாக் என்னும் இன்னொரு நீர்க்காகமும் வாழ்கிறது. இரண்டும் கரியவை, இரண்டும் மூழ்கி மீன்பிடிப்பவை, இரண்டும் கடற்பாறைகளில் கூடு கட்டுபவை. தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. மீனவர்க்கோ இரண்டும் ஒரே திருடர். இவை உண்மையில் எதைத் தின்கின்றன என்று அறிய, ஸ்டீவன் என்னும் ஆய்வாளர் கார்ன்வால் கடற்கரையில் பிடிபட்ட பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து பார்த்து, 1933-இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றை எடுத்து அடுக்கிப் பார்த்தபோது லாக்குக்கு விடை தெளிவாயிற்று. ஷாக்கின் உணவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, மணல் விலாங்கு எனப்படும் ஒல்லி மீன்களும், நம் சாளையின் உறவான சிறு கூட்டமீன்களுமே. பெரிய நீர்க்காகத்தின் உணவில் இவை இல்லை என்றே சொல்லலாம். அதன் உணவில் பாதிக்கும் மேற்பட்டவை நாக்குமீன் போன்ற தட்டை மீன்களும் இறால் வகைகளும் ஆகும். அதாவது, ஒன்று திறந்த கடலின் நடுநீரில் வேட்டையாடியது. மற்றது கழிமுகங்களிலும் ஆழமற்ற நீரிலும் தரையைத் துழாவியது. கூட்டிலும் அவ்வாறே. ஷாக் குறுகிய பாறை விளிம்பையும் குகையையும் நாடியது. நீர்க்காகம் அகன்ற திட்டையும் பாறையின் மேற்பரப்பையும் நாடியது. ஒரே பாறை, ஒரே கடல். ஆயினும் மாடம் வேறு. இக்கட்டுரையை லாக் 1945-இல் வெளியிட்டார்.

அறிஞர் உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. 1944 மார்ச்சில் பிரித்தானியச் சூழலியல் கழகம் நெருங்கிய இனங்களைப் பற்றியே ஒரு கூட்டம் நடத்தியது. லாக் போன்றோர் கவுசேயின் பக்கம் நின்றனர். பல உறவினங்கள் ஒன்றாகவே வாழ்வதைத் தாம் நேரில் கண்டிருப்பதாகக் கூறி மறுத்தோரும் இருந்தனர்.

லாக்கின் சிந்தனை சென்ற வழியும் எண்ணத்தக்கது. பள்ளி ஆசிரியராக இருந்தபோது விடுப்பெடுத்து, 1938-ஆம் ஆண்டு இறுதியில் காலபாகசுத் தீவுகளுக்குச் சென்று, டார்வின் கண்ட குருவிகளை ஆராய்ந்தவர் அவர். அவற்றின் அலகுகள் வேறுபடுவது தன்னினத்தை அடையாளம் காண்பதற்கே என்றுதான் முதலில் எழுதினார். பின்னர் சான்றுகளை மீண்டும் எடைபோட்டு, அலகின் வேறுபாடு உணவின் வேறுபாட்டோடு தொடர்புடையது என்னும் முடிவுக்கு வந்தார். 1947-இல் வெளிவந்த தம் நூலில் அதையே நிறுவினார். நாற்பதுகளின் இறுதியில் அவர் கிறித்தவரானார். படிமலர்ச்சிக் கொள்கையும் கிறித்தவ நம்பிக்கையும் உரசும் இடங்களை மறைக்காது பேசும் நூல் ஒன்றை 1957-இல் எழுதினார். பறவைகளின் வாழ்வில் கண்ட கடுமையை, நம்பிக்கையின் பெயரால் மென்மையாக்கிக் காட்ட அவர் முயலவில்லை. அந்நேர்மை நமக்கும் வேண்டும்.

ஐயமும் சான்றும்

லாக்குக்குப் பின் வந்தோர் கடற்பறவைகளிடம் இப்பங்கீட்டைப் பல இடங்களில் கண்டனர். ஆஷ்மோல் தம்பதியர் நடுப் பசிபிக்கின் கிறிஸ்துமஸ் தீவில் 1960-களில் ஆராய்ந்தபோது, அங்கே வாழும் ஆலா இனங்கள் இரையின் பருமனாலும் கரையிலிருந்து பறந்து செல்லும் தொலைவாலும் வேறுபடுவதைக் கண்டனர். மிகச் சிறிய ஆலா நீரின் மேற்பரப்பில் நுண்ணிய உயிர்களைக் கொத்தித் தின்றது. வேறொன்று கரை மறையும் தொலைவுக்குப் பறந்து சென்று இரை தேடியது.

இவ்வளவு தூரம் செல்லாமலே நாம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்துக்குச் செல்வோர் குளிர்காலத்தில் அக்காயலை உற்று நோக்கினால் ஆலாக்கள் பலவகையாய் இருப்பது தெரியும். காக்கையினும் பெரிய காஸ்பியன் ஆலா உயரத்திலிருந்து பாய்ந்து பருத்த மீனைப் பிடிக்கிறது. மைனாவை ஒத்த சின்ன ஆலா கரையோரத்து ஆழமற்ற நீரில் விரலினும் சிறிய மீனுக்குப் பாய்கிறது. தடித்த அலகுடைய மற்றோர் ஆலா நீரில் பாய்வது அரிது. சேற்றுவெளியின் மேல் தாழப் பறந்து நண்டையும் பூச்சியையும் கவ்விச் செல்கிறது. கண்ணெதிரே ஒரே காயல். அதற்குள் மூன்று மாடங்கள்.

ஆயினும் 1970-களின் இறுதியில் ஒரு கடும் ஐயம் எழுந்தது. இனங்கள் வேறுபட்டு வாழ்கின்றன என்பது உண்மையே. ஆனால் அந்த வேறுபாடு போட்டியால்தான் வந்தது என்பதற்குச் சான்று என்ன? தற்செயலாகச் சேர்ந்த இனங்களிடமும் இத்தகைய வேறுபாடு தோன்றலாமே என்று கானரும் சிம்பர்லாஃபும் 1979-இல் கேட்டனர். இன்று போட்டி காணப்படாத இடத்திலெல்லாம் பண்டைய போட்டியின் ஆவியைக் கண்டதாகச் சொல்வது முறையன்று என்னும் பொருளில் கானெல் 1980-இல் எழுதினார். நியாயமான ஐயம் அது. பலனைப் பார்த்துக் காரணத்தை ஊகிப்பது எளிது. காரணம் நிகழும்போதே காண்பதுதான் சான்று.

அச்சான்றையும் காலபாகசுத் தீவுகளே தந்தன. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதியர் 1973 முதல் அங்கே ஒரு சிறு தீவின் குருவிகளை ஆண்டுதோறும் பிடித்து அளந்துவந்தனர். அத்தீவில் நடுத்தர அலகுடைய குருவி வாழ்ந்தது. 1982-இல் பேரலகுடைய உறவினம் ஒன்று வந்து குடியேறியது. நம் ஊர் நெருஞ்சியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கடினக் காய்கள் இரண்டுக்கும் உணவு. 2003-ஆம், 2004-ஆம் ஆண்டுகளின் வறட்சியில் காய்கள் அருகின. புதிதாய் வந்த பேரலகுப் பறவை அவற்றைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது. நடுத்தர இனத்தில், அதே காய்களை நம்பியிருந்த சற்றுப் பெரிய அலகுடைய குருவிகள் மிகுதியாக மாண்டன. சிறு விதைகளை உண்ணும் சிறிய அலகுடையவை எஞ்சின. அவ்வினத்தின் சராசரி அலகே சிறுத்துப்போனது. இதனைக் கிராண்ட் தம்பதியர் 2006-இல் அறிவித்தனர்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அத்தீவில் இரண்டு குருவிகளும் உட்கார்ந்து பேசி உணவைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. உறவினத்தோடு ஒரே உணவுக்கு மோதியவை பட்டினியால் இறந்தன; மோதாதவை பிழைத்தன. அதன் விளைவைத்தான் பிற்காலத்தில் பார்ப்பவர் பங்கீடு என்று காண்பர். நம் ஏரிக்கரையில் நிற்கும் கொக்குகளின் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அமைதி எனக் கண்ணுக்குத் தெரிவது பழைய இழப்புகளின் முடிவாக இருக்கக்கூடும் என்பதை மறுக்கவும் முடியாது. ஆகவே பறவைகளின் பெருந்தன்மையைப் புகழ்ந்து மனிதருக்கு அறிவுரை கூறுவது பொருந்தாது. அவை வாழ்வது பெருந்தன்மையால் அன்று. நீர்நிலை பலவகை இடங்களை உடையதாக இருப்பதால். பாடம் பறவையிடம் இல்லை, ஏரியிடம் இருக்கிறது.

ஏரியின் வடிவம்

நம் ஏரிகள் இயற்கை தந்தவை அல்ல. உழவுக்காக முன்னோர் வெட்டியவை. சாய்வான நிலத்தில் தாழ்ந்த பக்கம் பிறைபோலக் கரை எழுப்பினர். மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டனர். மழைநீர் மேட்டிலிருந்து இறங்கிக் கரையில் தேங்கியது. ஆதலால் கரையை ஒட்டி ஆழம். அங்கிருந்து விலக விலக மார்பளவு, இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு, பின்பு சேறு, அதற்கப்பால் புல்வெளி. மிகுநீருக்குக் கலங்கல், பாசனத்துக்கு மடை. நெல்லுக்காகச் செய்த இவ்வமைப்பில் பறவைகளுக்கான மாடங்கள் தாமே அமைந்தன.

கரையோரத்து ஆழத்தில் நீர்க்காகங்கள். அவற்றிலும் சிறியது தனியாகவோ சிலவாகவோ ஓரத்துச் செடிகளிடையே சிறு மீனையும் தலைப்பிரட்டையையும் தேடும். கொண்டை நீர்க்காகம் கூட்டமாகச் சேர்ந்து மீனை வளைத்துப் பிடிக்கும். பெரியதற்குப் பெருநீர்ப்பரப்பும் பருத்த மீனும் வேண்டும். நடக்கக்கூடிய நீரில் வெண்கொக்குகள். நெடிய காலுடைய பெரிய கொக்கு மற்றவை செல்ல இயலாத ஆழத்தில் நின்று காத்திருக்கும்; சின்னக் கொக்கு மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறி ஓடி ஓடிப் பிடிக்கும்; நடுத்தரக் கொக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஆழத்தில் நடக்கும். கோரைப் புதரில் செந்நாரை. திறந்த நீரில் சாம்பல் நாரை. சேற்றில் உள்ளான்கள், அவற்றிலும் அலகின் நீளத்துக்கு ஏற்ப இரையிருக்கும் ஆழம் மாறும்.

இன்னொன்றும் உண்டு. ஏரி ஆண்டு முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. கார்த்திகையில் நிரம்பி, தையிலிருந்து வற்றத் தொடங்கி, வைகாசிக்குள் சுருங்கும். நீர் பின்வாங்கப் பின்வாங்க நேற்று இடுப்பளவாக இருந்த இடம் இன்று முழங்காலளவாகிறது. சில நாளில் சேறாகிறது. ஆழத்தில் ஒளிந்திருந்த மீன் கொக்கின் காலடிக்கு வருகிறது. நாள்தோறும் ஒரு புதிய பட்டை நிலம் திறக்கிறது. மாடங்கள் இடம்பெயர்ந்து கொண்டே இருக்கும் சுவர் இது.

முன்னோர் பறவைகளின் பயனையும் அறிந்திருந்தனர். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், ஏரியின் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதைக் கண்ட ஊரார், அவற்றைச் சுடவந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு எதிராக முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டையொட்டி ஆட்சியர் லயனல் பிளேசு பறவைகளுக்குக் காப்பளிக்கும் ஆவணம் வழங்கினார். 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அவ்வேரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எழுத்தறிவு குறைந்த அக்காலத்து உழவர், தம் ஏரியில் பறவைக்கும் பங்குண்டு என்று ஆட்சியாளரிடம் வாதாடி எழுத்தில் பெற்றனர் என்பது நாம் மறக்கக் கூடாத வரலாறு.

நம் பக்கத்து ஏரிகள்

சென்னையின் மேற்கே இருந்த ஏரிகளுக்கு அத்தகைய ஆவணம் எதுவும் வாய்க்கவில்லை. ஆவடியில் 1960-களில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. வேலை தேடி வந்த குடும்பங்களால் நம் பங்குகள் பெருகின. அக்குடும்பங்கள் பெற்ற வாழ்வை நாம் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் ஏரி பாய்ந்த வயல்கள் மனைகளாயின. வயல் போனபின் ஏரிக்குக் காவலரும் போயினர். முகப்பேரில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கு ஏரித் திட்டம் என்பதே பெயர். எஞ்சிய ஏரிகளிலும் மேட்டுப்பக்கத்து ஆழமற்ற நிலமே முதலில் வீடாயிற்று. கோடையில் அது காய்ந்து கிடந்ததால் வெற்றிடம் என எண்ணப்பட்டது. கொக்குக்கும் உள்ளானுக்கும் உரிய மாடங்கள் அங்கேதான் இருந்தன.

இன்று ஏரிகளைக் காக்க வேண்டும் என்னும் உணர்வு பரவியுள்ளது, நன்று. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019-இல் பூங்காவுடன் திறக்கப்பட்டது. மாலை நேரத்தில் முதியோரும் சிறுவரும் ஏரிக்கரையில் நடப்பது நல்ல காட்சி. பொதுவாக ஏரி சீரமைப்பைத் திட்டமிடும் எல்லாரும் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் இவ்வரலாற்றிலிருந்து சொல்ல விழைகிறோம். ஏரி முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டி, நாற்புறமும் செங்குத்தான கரையெழுப்பிக் கல் பதித்தால், நீர் மிகுதியாகத் தேங்கும்; ஆனால் அது தொட்டியாகிவிடும். நீர்க்காகத்துக்கு இடமிருக்கும், நடக்கும் பறவைக்குக் கால் வைக்க இடமிராது. கழிவுநீர் கலந்து ஆகாயத்தாமரை மூடினால் மூழ்கும் பறவைக்கும் பாயும் ஆலாவுக்கும் நீரே கண்ணில் படாது. கழிவைத் தாங்கும் ஓரிரு மீன்வகை மட்டும் எஞ்சினால், அவற்றை உண்ணவல்ல ஓரிரு பறவைகளே எஞ்சும். அப்போதும் ஏரியில் நூற்றுக்கணக்கில் பறவைகள் தெரியலாம். எண்ணிக்கை கண்டு நாம் மகிழலாம். ஆனால் வகை குறைந்திருக்கும். மாடங்களைப் பூசி மெழுகிய சுவர் பார்வைக்குத் துப்புரவாக இருக்கும், சுரூபங்களுக்குத்தான் இடமிராது.

செய்ய வேண்டியது அரியதன்று. ஒரு பக்கமேனும் சரிவான கரையை விட்டுவைத்தல். கோரையும் நாணலும் வளரும் ஓர் ஓரத்தை வெட்டாதிருத்தல். நீர் ஏறி இறங்கும் பருவ ஒழுங்கைக் குலைக்காதிருத்தல். கழிவுநீர்க் குழாயை ஏரிக்குத் திருப்பாதிருத்தல். இவற்றுள் கடைசியானது அரசை மட்டும் சார்ந்ததன்று. நம் இல்லங்களையும், நம் நிறுவனங்களையும், நம் கோவில் வளாகங்களையும் சார்ந்தது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் மனிதருக்குப் பயன்படுவதற்கு அப்பாற்பட்ட தன்மதிப்பு உண்டு என்று திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்ததைப் படித்திருக்கிறோம். அப்போதனைக்கு நம் வட்டாரத்தில் பொருள் தேடுவோர் ஏரியின் ஆழமற்ற ஓரத்திலிருந்து தொடங்கலாம்.

பறவைகளுக்குப் பங்கிடத் தெரியாது. அவற்றுக்குள் ஒழுங்கு ஏற்பட்டதற்குக் கொடுத்த விலை பெரிது. காலமும் மிக நெடிது. அறிந்து பங்கிடும் ஆற்றல் மனிதருக்கே தரப்பட்டுள்ளது. வேடந்தாங்கல் உழவர் அதைச் செய்து காட்டினர். ஏரியை வெட்டியவர்கள் அறியாமலே பல மாடங்களைப் படைத்தனர். அறிந்துவிட்ட நாம் அவற்றை அடைத்துவிட்டால், அறியவில்லை என்று சொல்ல நமக்கு இடமில்லை.